சலேத் கேட்ட இடம்

அடைக்கலம், போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஆப்பத்துக்குப் பாயா ஊற்றிக்கொண்டே நீ ஒரு விஷயம் கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். நீயும் அதற்கு மேல் கேட்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நான் போனில் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவது படித்த கை, கோணல் மாணலாகத்தான் வரும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை உன் பெண்டாட்டியும் படிக்கட்டும், பேரப்பிள்ளைகளும் பெரியவர்களானதும் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டது இதுதான். "அத்தைக்கு ரொம்ப முடியலம்மா. அப்பா கல்லறையில அவங்கள வைக்க நீ ஒத்துக்குவியானு கேட்டாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கப்பாவின் தங்கச்சி சலேத் சாகக் கிடக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அவளும் நானும் பேசி எவ்வளவோ காலமாகிறது. நீ எனக்குத் தெரியாமல் குமணன்சாவடிக்குப் போய், கன்னியர் நடத்துகிற முதியோர் இல்லத்தில் அவளைப் பார்த்து, ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாய் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே வாயில் மூன்று இடி. அதில் மூன்றாவதுதான் பெரிய இடி. என் இடத்தை அவள் கேட்கிறாள்.

நம்ம கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் குழி வெட்ட இடம் இல்லை என்பது அண்ணனூர் முழுக்கத் தெரிந்த விஷயம். ரயில் ஷெட் பக்கத்துச் சுவர் வரைக்கும் நிரம்பிவிட்டது. குடும்பக் கல்லறை இருக்கிறவர்களுக்கு மட்டும், பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு அதன்மேல் இன்னொரு பெட்டியை இறக்க விடுவார்கள். ஒரு தடவை திறந்து மூடினால் அப்புறம் பல வருஷத்துக்குத் தொட விடமாட்டார்கள். இடம் இல்லாதவர்களெல்லாம் குத்தம்பாக்கம் பக்கம் நம்ம கோயில் பங்குக்காக வாங்கிப்போட்டிருக்கிற பொட்டல் நிலத்துக்குத்தான் போகவேண்டும். உங்கப்பா போன அன்றைக்கே நான் கணக்குப் போட்டுவிட்டேன், அடுத்து இறங்குகிற பெட்டி என்னுடையது. கல் வெட்டும்போது அவர் பேருக்குக் கீழே என் பேருக்கு இடம் விட்டு வெட்டச் சொன்னேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வெற்றிடத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவேன். இப்போது அதில் சலேத் வந்து படுத்தால், என் வேளை வரும்போது அந்தக் கல்லறை மூடியே இருக்கும். அவருக்குப் பக்கத்தில் அவள், நான் மட்டும் குத்தம்பாக்கத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்.

சாவுக்கு நான் எப்படித் தயாராக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறேன். கல்யாணத்தன்று கட்டின வெள்ளைப் புடவை, கைக்கு உறை, காலுக்கு சாக்ஸ், விரலில் சுற்றுவதற்கு ஜெபமாலை, பிளக்ஸில் போடுவதற்கு நானே எடுத்து வைத்த போட்டோ. முதல் வெள்ளி தவறாமல் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறேன். பால்காரனைத் திட்டினேன், சீரியல் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொன்னேன் என்று சொல்வேன். ஃபாதரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மன்னிப்பு கொடுப்பார். நல்ல மரணம் கேட்டு தினமும் சூசையப்பரிடம் வேண்டிக்கொள்கிறேன். ரயில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் மாதிரிதான் நான் இருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. பரலோக மந்திரத்தில், எங்களுக்குக் கெடுதல் பண்ணினவர்களை நாங்கள் பொறுத்துக்கொள்வது போல என்று ஒரு பாதி வருகிறதே, அந்த இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது பார். அடுத்த பாதி, எங்கள் பாவங்களைப் பொறுத்துக்கொள்ளும் என்று வரும்போது கோயிலே அதிருகிற மாதிரி சத்தமாகச் சேர்ந்துகொள்வேன். சின்ன வயசில் நீ பக்கத்தில் நின்று என் வாயையே பார்ப்பாய். ஒருநாள் கேட்டாய், "ஏம்மா நடுவுல நடுவுல நிறுத்துற?" மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன். மூச்சு இல்லை, காரணம் சலேத்.

என்ன கோபம் என்று உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். மாதா சுரூபம் கதை தெரியும். உன் பாட்டி, அதாவது என் மாமியார், கையில் குழந்தையோடு நிற்கிற மாதா சுரூபம் ஒன்று வைத்திருந்தாள். மூத்த மருமகளுக்குத்தான் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவள். அவளை அடக்கம் பண்ணி, முப்பதாம் நாள் மந்திரிப்பு முடிந்து, பந்திக்கு நான் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தபோது, சலேத் அதைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறப் புடவை, முந்தியில் காபிக் கறை. ஆட்டோவின் பின்னால் ஒரு சினிமாக்காரன் படம், ஒரு கண்ணில் ஸ்டிக்கர் பிய்ந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "உனக்கு இன்னாத்துக்கு அண்ணி இது, உன் கையிலதான் நிஜக் குழந்தையே கீதே" என்றாள். அந்த ஒரு சொல், அதோடு பேச்சு நின்றது. அவளுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன். அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தை ஆவடி ஆஸ்பத்திரியில் ஒருநாள் தங்காமல் போனபோது கூட இருந்தவள் நான். கஞ்சி கொண்டுபோனவள் நான், துணி அலசினவள் நான். புருஷன்காரன் அதற்கப்புறம் வேறொருத்தியோடு போய்விட்டான், அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அப்போதும் பொங்கலுக்கு, கிறிஸ்மஸுக்கு நான்தான் பலகாரம் கட்டிக் கொடுத்துவிட்டேன். அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கைம்மாறு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடியாது என்று உன்னிடம் சொல்வதில் என்ன இருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆவடி போய் பூந்தமல்லி பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள், நான் சத்தமாகப் பேசியிருக்கவேண்டும்.

அடைக்கலம், நீ அவளைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பாய். நான் பார்த்ததும் ஆடிப்போய்விட்டேன். உரலில் மாவாட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்காமல் ஆட்டுகிற உடம்பு அது. கட்டிலில் ஒரு பெட்ஷீட்தான் மடிந்து கிடக்கிறது என்று முதலில் நினைத்தேன். பெட்ஷீட் பேசியது. "இன்னா அண்ணி, நீயே வந்துட்ட? உன் புள்ளைய அனுப்பி ஏசச் சொல்லுவனு பாத்தேன்." குரல் மட்டும் அதே குரல். நான் உட்காரவில்லை. கட்டில் பக்கத்து இரும்பு அலமாரியின்மேல் அந்த மாதா நின்றுகொண்டிருந்தாள். என் கண் அங்கேதான் போனது. இத்தனை வருஷத்தில் நீலச் சாயம் அப்படியே இருக்கிறது, மாதாவின் மூக்கு, விரல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கையிலிருக்கிற குழந்தையின் நெற்றியில் மட்டும் சாயம் போய், உள்ளே இருக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. ஒரு சுரூபத்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மனசுக்குள் அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆரம்பித்தேன். கத்தரிப்பூப் புடவையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிப் போனது நிஜந்தான் என்றாள். சொன்னதும் நிஜந்தான், தப்புத்தான், மன்னித்துக்கொள் என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கு வருவாள் என்று வரிந்து கட்டிக்கொண்டு போனால் எதிரில் ஆளே இல்லை. சரி, அண்ணன்மேல் இவ்வளவு பாசமா, என் இடத்தில் வந்து படுக்கவேண்டிய அளவுக்கு என்று கேட்டேன். அவள் லேசாகச் சிரித்தாள். "அண்ணன் கெடக்குது. அந்தச் சுவத்தோரம் என் புள்ள கீது அண்ணி. வேற எப்பிடி நான் அந்த கேட்டுக்குள்ள போறது?"

உனக்கு இது தெரியாது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்காமல் செத்த குழந்தையை மந்திரித்த மண்ணில் வைக்கமாட்டார்கள். சாமியார் வரமாட்டார், மணி அடிக்காது. சுவர் ஓரமாக ஒரு மூலை, சிலுவை கிடையாது, பேர் கிடையாது. உங்கப்பாதான் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட பிள்ளை மோட்சம் பார்க்காது, இருட்டும் இல்லாத வெளிச்சமும் இல்லாத ஒரு இடத்தில் இருக்கும் என்று உபதேசியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நினைத்து நானும் அழுதிருக்கிறேன். அதைத்தான் அவளிடமும் சொன்னேன். அன்றைக்கு உன்கூட இருந்தது யார், உனக்காக ஓடினது யார் என்று கேட்டேன்.

சலேத் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள். "தண்ணி ஊத்தச் சொன்னேனே அண்ணி. மறந்துட்டியா?"

எனக்குப் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். குழந்தை நீலம் பாரித்துவிட்டது, நர்ஸ் கையை விரித்துவிட்டாள், சாமியாரைக் கூப்பிடப் போன உங்கப்பா இன்னும் வரவில்லை. இவளால் எழுந்திருக்க முடியவில்லை. சாகக் கிடக்கிற குழந்தைக்கு, சாமியார் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயசிலேயே தெரிந்ததுதான். அண்ணி, பக்கத்துல பிளாஸ்க்குல தண்ணி கீது, என் புள்ளைக்கு ஊத்து என்று அவள் என்னிடம் கெஞ்சினாளாம். நான் ஒன்றும் ஆகாது சும்மா இரு என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனேனாம். திரும்பி வரும்போது குழந்தை இல்லை.

பொய் என்று கத்தினேன், நைனா. சாகப்போகிற நேரத்தில் இப்படியொரு பொய் சொல்லி என் இடத்தைப் பிடுங்கப் பார்க்கிறாயே, உனக்கு நரகந்தான் என்று சொன்னேன். சிஸ்டர் ஓடிவந்தார்கள். சலேத், "உடுங்க சிஸ்டர், எங்க அண்ணி இப்பிடித்தான்" என்றாள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு மறக்குமா? உன் முதல் பல் விழுந்த இடம், பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் திருப்பித் தராத சல்லடை, உங்கப்பா ஒருதரம் எனக்குப் பூ வாங்க மறந்த தேதி எல்லாம் வைத்திருக்கிறவள் நான். அந்த நாளை மட்டும் எப்படி விடுவேன்? முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நர்ஸுக்குத் தாடையில் மச்சம். ஜன்னலுக்கு வெளியே தென்னை. நான் கீழே டீக்கடையில் நிற்கிறேன், எதிரே தண்ணி லாரி, அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ரோட்டில் ஓடுகிறது. எப்போதும் இந்தக் கதையை நான் இங்கேயிருந்துதான் சொல்வேன். சலேத்துக்கு வெந்நீர் பிடிக்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனேன், திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, பதறி ஓடினதில் கட்டில் பக்கத்திலிருந்த பச்சை பிளாஸ்க் என் முழங்கை பட்டு விழுந்து உள்ளே கண்ணாடி நொறுங்கியது என்று சொல்வேன். உனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், அந்தப் பச்சை பிளாஸ்க் கதை.

அப்போதுதான் பார்த்தேன். பிளாஸ்க் கட்டில் பக்கத்தில் இருந்தது என்றால் நான் கீழே எதை எடுத்துப் போனேன்?

இவ்வளவு காலமாக அந்தக் கதையைச் சொல்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. என் ஞாபகமே என்னைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, ஒவ்வொன்றாக வந்தது. அவள் கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. அவள் குரல். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதும் வந்தது. அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். நாள் தள்ளிப்போயிருந்தது, உங்கப்பாவுக்குத் தவிர யாருக்கும் தெரியாது. புள்ளத்தாச்சி சாவுக் குழந்தையைத் தொட்டால் அந்தத் தோஷம் வயிற்றில் இருக்கிறதைத் தேடி வரும் என்று எங்கள் தெருவில் கிழவிகள் சொல்வார்கள். வேதக்காரி, தினமும் பூசைக்குப் போகிறவள், பரிசுத்த ஆவியின் பேர் சொல்லத் தெரிந்தவள், கிழவிகள் சொன்னதற்குப் பயந்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு கை தண்ணீரை ஊற்றாமல் ஓடிப்போய், டீக்கடையில் நின்று லாரியிலிருந்து தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை அப்படியே புதைத்து மூடி, அதன்மேல் கஞ்சி கொண்டுபோனதையும் துணி அலசினதையும் அடுக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. புதுசாக வந்திருக்கிற ஃபாதர், உன்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் குழந்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் பாட்டி, கடவுளுடைய இரக்கம் தண்ணீரோடு முடிந்துவிடுவதில்லை, அந்தக் குழந்தையை அவர் கையில் நம்பி விடலாம் என்றுதான் இப்போது திருச்சபை சொல்கிறது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும். பதிலாக எரிந்தது. "அத அப்ப சொல்றதுக்கு இன்னா ஃபாதர் உங்களுக்கு? அவ இத்தினி வருஷம் அந்தச் சுவத்தப் பாத்துகினு அழுதாளே" என்று கேட்டுவிட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே, "தெரியல பாட்டி. தப்புத்தான்" என்றார். சாமியார் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது எனக்கு அது முதல் தடவை. பிறகு அவர் எனக்கு மன்னிப்பு கொடுத்தார். ஆண்டவர் மன்னிப்பார், கேட்கவேண்டிய இன்னொருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் அல்லவா என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். சலேத் அன்றைக்கு இன்னும் வற்றியிருந்தாள். விழுங்க முடியவில்லை, ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள் என்று சிஸ்டர் என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. "இப்பவாவது ஊத்துறியே" என்றாள். சிரித்தாளா, குத்தினாளா, தெரியவில்லை. ரெண்டும்தான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. வாழ்நாளில் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத சொல். தப்புப் பண்ணிட்டேன் சலேத் என்று மட்டும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "அப்புறமா உன் வயிறு தெரிஞ்சிச்சில்ல, அப்ப புரிஞ்சுகினேன் அண்ணி. ஆனா ஒடனே மன்னிச்சேன்னு நெனைக்காத. ரொம்ப நாள் புடிச்சிது. அந்த மாதாவத் தூக்கிகினு போனப்பகூட மன்னிக்கல. ஊட்ல வெச்சு டெய்லி ஒரு சொட்டு தீர்த்தம் எடுத்து அந்தக் குழந்த நெத்தில வெப்பேன். வெச்சு வெச்சு, எப்பவோ ஒருநாள் கோவம் போயிருந்துச்சு."

நான் திரும்பி அந்தச் சுரூபத்தைப் பார்த்தேன். நெற்றியில் சாயம் எப்படிப் போனதென்று தெரிந்தது. அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டவள் நான்.

பிறகு ஒன்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தாய் என்று. "உனக்குத் தெரியாதா? அண்ணன் சொல்லலியா?" என்றாள். "அடைக்கலம்."

உனக்குப் பேர் வைத்த கதை உனக்குத் தெரியும். எனக்கு வேறு பேர் ஆசை, செத்துப்போன என் தம்பி பேர். உங்கப்பா ஞானஸ்நானத் தொட்டிகிட்ட வந்து நின்று, யாரையும் கேட்காமல் அடைக்கலம் என்று சொல்லிவிட்டார். மாமியார் தூண்டிவிட்ட வேலை என்று அதற்கும் ஒரு கோபம் வைத்திருந்தேன். ஸ்கூலில் பிள்ளைகள் உன்னை அடை, அவியல் என்று கிண்டல் பண்ணினபோதெல்லாம் அந்தக் கோபத்தைப் புதுப்பித்துக்கொண்டேன். ஆபீசில் நீ ராஜ் என்று போட்டுக்கொண்டாய். அடைக்கலம் என்ற பேர் சலேத் கேட்டதாம். என் புள்ளைக்கு வெச்ச பேரு சும்மா கெடக்குது, அண்ணி புள்ளைக்காவது வெய் அண்ணா என்று. உன் நெற்றியில் தண்ணீர் ஊற்றினபோது அவள் கோயில் வாசற்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளே வராமல் என்ன திமிர் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நைனா, உனக்கு ஒன்று சொல்லவேண்டும், அம்மா என்ற முறையில் சொல்கிறேன். ஆத்துமத்தைத் தயார் பண்ணுவது என்றால் நமக்கு நினைவில் இருக்கிறதை எல்லாம் துடைத்து வைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ அப்படி இருக்காதே. உனக்கு என்ன மறந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கும். அவர்களைப் போய்ப் பார், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பார். யாரோடு உனக்குப் பேச்சு இல்லையோ அங்கேயிருந்து ஆரம்பி, அங்கேதான் அது இருக்கும். என் பெட்டியில் எல்லாம் இருந்தது, அந்தப் பெட்டியோடு நேரே போய் அங்கே நின்றிருந்தால், சாமி, எனக்கு ஒரு பாவமும் இல்லை என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சலேத்துக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டேன். ஃபாதரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். என்னைக் குத்தம்பாக்கத்துக்கு எடுத்துப் போ. உங்கப்பா கோபித்துக்கொள்ளமாட்டார், உயிரோடு இருக்கும்போதே நான் பேச ஆரம்பித்தால் வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறவர்தானே. பஸ் வசதி இருக்கிறது, நீ வந்து பார்க்கவில்லை என்றால் சாக்குச் சொல்ல முடியாது.

கல்லில் என் பேருக்காக விட்ட இடத்தில் சலேத் பேர் வரட்டும். அதற்குக் கீழே இன்னொரு பேர் வெட்டச் சொல். அடைக்கலம் என்று மட்டும். உன் பெண்டாட்டி கட்டாயம் பயப்படுவாள். உயிரோடு இருக்கிறவன் பேரைக் கல்லறையில் வெட்டுவதா, அபசகுனம் என்பாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், அந்தப் பயம் எனக்குத் தெரியும், அது என்ன பண்ணும் என்றும் தெரியும். அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அது உன் பேர் இல்லை. உனக்கு முன்னால் வந்தவனுடையது, இத்தனை காலம் நீ அதைப் பத்திரமாக வைத்திருந்தாய். ஒரு கல்லளவு அவனுக்குத் திருப்பிக் கொடு.

இன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். பரலோக மந்திரத்தில் நான் வாயை மூடுகிற இடம் வந்தது. மூடவில்லை, தானாகச் சொல்லிவிட்டேன், மறந்தே போய்விட்டது அங்கே நிறுத்தவேண்டும் என்பது. ஆனால் அதற்கு அடுத்த பாதி, எங்களைப் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கிற பாதி, இத்தனை வருஷம் கோயில் அதிரச் சொன்ன பாதி, அது எவ்வளவு முயற்சி பண்ணியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்குப் பக்கத்தில் நில், அடைக்கலம். அந்த இடம் வரும்போது நீ கொஞ்சம் சத்தமாகச் சொல்லு, நான் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன்.

அம்மா